சிவப்புக் காரின் முன்பக்கம்

ஷெட் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த நாற்றத்தில், ஒட்டடைக்குச்சி காலையில் சாப்பிட்டது தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அழுகிய முட்டை, எலி மூத்திரம், பழைய பெட்ரோல் மூன்றும் அந்த நாலு சுவருக்குள் ஒரே குடும்பமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, செத்துப்போன பெருச்சாளிகூட இதைவிட மரியாதையா நாறும்," என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"பழைய கியர் ஆயில். அப்படித்தான் அடிக்கும். வாயால மூச்சு விடு," என்றாள் அக்கா.

"விட்டுப் பார்த்துட்டேன். நாக்குல ஒட்டுது."

அக்கா என்பது ஊரே வைத்த பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட வண்டிகளைச் சோதிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பொய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். அங்கேயும் பொய்தான் கேட்கிறாள். ஒட்டடைக்குச்சியின் வேலை பை தூக்குவது, ஸ்கூட்டர் ஓட்டுவது, படம் எடுப்பது. கேட்காமலே கிண்டல் அடிப்பதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. உயரத்துக்கும் ஒல்லிக்கும் கிடைத்த பட்டப்பெயர் அது. பெற்ற தாயே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

ஷெட்டின் நடுவில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மூக்கு நசுங்கி நின்றது. ரெண்டே பேர் உட்காரும் பழைய காலத்து வண்டி. இடிபடுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதைச் சுவரில் ஆளுயரப் படமாகவே மாட்டி வைத்திருந்தார் அதன் சொந்தக்காரர். படத்தில் வண்டி தலை முதல் வால் வரை பளபளத்தது.

"ஒரிஜினல், மேடம். ஒரு ஸ்க்ரூகூட மாத்து கிடையாது. எல்லாம் என் கையாலேயே செஞ்சது," என்றார் பல் டாக்டர்.

பல் டாக்டர்தான் அக்காவை வேலைக்கு வைத்த கட்சிக்காரர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நகத்துக்குள் மட்டும் கறுப்பு மை பூசியதுபோல் கிரீஸ். பற்களைச் சுரண்டும் கொக்கிக் கம்பியால் அப்போதும் கார்புரேட்டர் துளை ஒன்றைக் குடைந்துகொண்டே பேசினார். வழியில் சமையலறையைத் தாண்டி வந்தபோது அடுப்பின் மேல் குக்கரில் அந்தக் கார்புரேட்டரின் மிச்சப் பாகங்கள் வெந்துகொண்டிருந்ததை ஒட்டடைக்குச்சி பார்த்திருந்தான். அதே குக்கரில்தான் நாளைக்குச் சோறும் பொங்குவார்கள் என்று நினைத்ததும் அவனுக்கு உடம்பு கூசியது.

"தம்பிக்குக் கன்னம் வீங்கியிருக்கே. கடவாய்ப் பல்லா? வாயைத் திறங்க, பார்த்துடலாம்," என்று கையிலிருந்த கம்பியோடு டாக்டர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"வேண்டாம் டாக்டர். வலி எனக்குப் பழகிடுச்சு. இப்ப அது இல்லாட்டித்தான் தூக்கம் வராது."

விஷயம் இதுதான். போன வாரம் டாக்டரின் மனைவி அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து சரிவில் இறங்கினார். பிரேக்கை மிதித்தார். பெடல் தரைவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. தெருமுனைக் கருங்கல் சுவரில் போய் மோதி, கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த வண்டியில் டாக்டரைத் தவிர வேறு யாரும் கை வைத்ததே இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அதனால் மனைவியின் அண்ணன், டாக்டர்தான் பிரேக்கைக் கெடுத்துத் தங்கையைக் கொல்லப் பார்த்தார் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கு மத்தியானம் அந்த அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்போகிறார்கள். கணவரோடு போவதா, அண்ணனோடு போவதா என்பதுதான் கேள்வி. காலையில் அக்கா போய்ப் பார்த்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "போலீஸ் சொல்றது எனக்கு வேண்டாம்மா. அவர் பண்ணலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அவரோடவே போயிடறேன்." ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டு, வீட்டில் தன் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை இருந்தால் எடுத்து வரும்படியும் கேட்டுக்கொண்டார். அக்கா டாக்டரிடம் சால்வையைப் பற்றிக் கேட்டதற்கு, எங்கே வைத்தாளோ தெரியவில்லை என்று கையை விரித்துவிட்டார்.

"பிரேக் வேலை கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்றாள் அக்கா.

"போன மாசம். ரப்பர் எல்லாம் புதுசு, ஆயில் புதுசு. பிரேக் குழாய்லேர்ந்து காத்து எடுக்கிறப்ப மட்டும் இன்னொரு ஆள் வேணும். நான் சக்கரத்துக்கிட்ட படுத்துக்கிட்டு 'மிதி'ம்பேன், அவ உட்கார்ந்து மிதிப்பா. 'விடு'ன்னா விடுவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவதான் மிதிக்கிறா."

"ஓட்டினது?"

"ஓட்ட யாரையும் விட்டதில்லை. அன்னைக்கு அவ பிறந்தநாள். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா. சரி, ஆசைப்படறாளேன்னு நானே சாவியைக் கொடுத்தேன். என் போறாத காலம்." டாக்டரின் குரல் உடைந்தது.

ஒட்டடைக்குச்சிக்கே பாவமாக இருந்தது. நசுங்கின பானெட் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. பை தோளிலிருந்து நழுவி வண்டியின் பின்பக்கம் லேசாக உரசியபோதுதான் பாம்பை மிதித்ததுபோல் துள்ளி வந்தார். "பார்த்து தம்பி. பெயிண்ட்ல கோடு விழுந்துடும்."

அக்கா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டாள். அந்த வீட்டில் கழுவின டம்ளர் கிடைப்பதே பெரும்பாடாயிற்று. முதலில் வந்ததில் நட்டு போல்ட்டுகளும், ரெண்டாவதில் ஊறப்போட்ட ஏதோ ஒரு வால்வும் இருந்தன. மூன்றாவது தேறியது. கம்பியால் நெம்பி பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் நிற்கும் சின்னக் குப்பிக்குள் ஊசிக்குழலை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி, தண்ணீருக்குள் சொட்டு சொட்டாக விட்டாள்.

சொட்டுகள் மேலேறி வந்து மஞ்சள் மஞ்சளாகக் கண் விழித்துப் பார்த்தன.

"மிதக்குது," என்றான் ஒட்டடைக்குச்சி. "குளத்துல எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச மாதிரி."

"மிதக்கக் கூடாது. பிரேக் ஆயில்னா தண்ணியில சர்க்கரை மாதிரி கரைஞ்சுடும். யாரோ அதை உறிஞ்சி எடுத்துட்டு வேற ஆயிலை ஊத்தியிருக்காங்க. இது பட்டா உள்ள இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதி உப்பி வீணாப்போகும். அப்புறம் மிதிச்சா பெடல் நேரா தரைக்குத்தான்."

டாக்டரின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. "இதைத்தான் மேடம் நான் எதிர்பார்த்தேன். இந்தத் தப்பை வண்டி தெரிஞ்சவன் கனவுல கூடப் பண்ண மாட்டான். மச்சான் அந்த வாரம் முழுக்க இங்கதான் இருந்தார், ஷெட்டுக்குப் பக்கத்து ரூம்லதான் படுத்துக்கிட்டார். லாரித் தொழில். போய் அவர் வேனைப் பாருங்க. வேற எதையும் நான் சொல்லவே வேண்டாம்."

மச்சான் வாசல் வராந்தாவில் வேன் சாவியால் காதைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கையின் துணிமணிகளை எடுத்துப்போக வந்தவர். குடைந்ததை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூணில் துடைத்தார். ஒட்டடைக்குச்சி அந்தத் தூணில் சாய்ந்திருந்த தன் முதுகை அவசரமாக எடுத்துக்கொண்டான். இந்த வீட்டில் எங்கேதான் நிற்பது என்று அவனுக்கு விளங்கவில்லை.

வேனின் பின்பக்கத்தில் சாக்கு, கயிறு, எச்சில் பொட்டலங்களுக்கு நடுவே பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பா ஒன்று இருந்தது. பாதி காலி. நிறமும் வாடையும் அதேதான்.

"டப்பா என்னுதுதான். பாதி எப்படிக் குறைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது," என்றார் மச்சான்.

"நீங்க எதுக்கு அந்த வாரம் இங்க வந்தீங்க?"

"தங்கச்சி கூப்பிட்டா. வீடு அவ பேர்ல இருக்கு, எங்க அப்பா கொடுத்தது. வித்துட்டு ஃபிளாட்டுக்குப் போகப்போறேன், ஆள் பார்த்துக் கொடுன்னா. மாப்பிள்ளைக்கு அதுல இஷ்டம் இல்லை. நான் பேசிப் பார்க்கலாம்னு வந்தேன்."

"மாப்பிள்ளையோட உங்களுக்கு ஆகாதோ?"

"ஆகாதுதான். ஒருநாளாவது அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வெளியில போயிருப்பானா? லீவு நாள்லாம் வண்டிக்கு அடியில. அவ எங்க வீட்டுக் கல்யாணத்துக்கே தனியா வந்துட்டுப் போனா. ஆனா என் தங்கச்சி உட்கார்ற வண்டியில நான் கை வைப்பேனா?"

டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "அவ உட்காருவான்னு அவருக்கு எப்படித் தெரியும்? அந்த வண்டியை ஓட்டுறது நான் ஒருத்தன்தானே. என்னைத் தீர்த்துக்கட்டத்தான் ஊத்தியிருக்கார். பாவம், என் பொண்டாட்டி மாட்டிக்கிட்டா."

மணியான விளக்கம். ஒட்டடைக்குச்சி மனசுக்குள் மச்சானுக்கு விலங்கே மாட்டிவிட்டான். அக்கா இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு டம்ளர் விஷயத்தையும் டப்பா விஷயத்தையும் சொன்னாள். வந்துகொண்டே இருக்கிறேன், மச்சானை எங்கேயும் விடாதீர்கள் என்றார் அவர். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டியதுதான் பாக்கி. அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிர, எண்ணை அழுத்தவில்லை.

"என்னக்கா, வேலைதான் முடிஞ்சுதே. வீட்டுக்குப் போய் நான் டெட்டால்ல குளிக்கணும்."

"ரொம்ப சுலபமா முடிஞ்சுதுடா. வண்டியை நாலு பக்கமும் படம் எடுத்துக்க, போகலாம்."

டாக்டர் வராந்தாவில் மச்சானைக் காவல் காத்தார். ஒட்டடைக்குச்சி மூச்சை அடக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் போனான். முன்பக்கம் எடுத்தான். நசுங்கின தகரம், உடைந்த ஹெட்லைட், அதைச் சுற்றித் துருப்பிடித்த வளையம். தொட்டால் துரு கையில் உதிர்ந்தது. தூ என்று பேண்டில் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனான். அங்கே பின் லைட்டின் வெள்ளி விளிம்பில் தன் வீங்கின கன்னமே தெரிந்தது.

"நல்லா இருக்குக்கா இந்த வண்டி. முன்னாடி பிச்சைக்காரன், பின்னாடி மகாராஜா."

பின்னாலேயே வந்த அக்கா நின்றுவிட்டாள். "திரும்பச் சொல்லு."

"முன்னாடி பிச்சைக்காரன்..." சொல்லிக்கொண்டே அவனும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தான். படத்தில் ஹெட்லைட் ரெண்டும் நிலா மாதிரி மின்னின. வளையத்தில் துரு இல்லை. நடுவில் இருந்த கிரில் தட்டியும் வேறாக இருந்தது. பானெட் மேல் படத்தில் இருந்த சின்னம் வண்டியில் இல்லவே இல்லை.

"ஒரு ஸ்க்ரூகூட மாத்து கிடையாதுன்னாரே," என்றான்.

அக்கா மூலையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தாள். மேல் தட்டில் எலி கடித்துக் கூடு கட்டிய சீட் பஞ்சு, காய்ந்த எலிக்குஞ்சு ஒன்று. அடுத்த தட்டில் கட்டிதட்டிப்போன கிரீஸ். அதற்குக் கீழ்த் தட்டு மட்டும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அந்த ஷெட்டிலேயே சுத்தமான இடம் அது ஒன்றுதான். அதில் ஒரு மூட்டை. சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையால் சுற்றி, நாலு மூலையும் பதமாக மடித்து வைத்திருந்தது.

ஒட்டடைக்குச்சி பிரித்தான். ஹெட்லைட் ரெண்டு, கிரில், பானெட் சின்னம். ஒன்றோடொன்று உரசாமலிருக்க இடையில் பஞ்சு.

"அந்தம்மா குளிர்ல நடுங்கிட்டிருக்காங்கக்கா," என்றான்.

வாசலில் நிழல் விழுந்தது. டாக்டர்.

"அது, பாலிஷ் போடறதுக்காகக் கழட்டினது," என்றார் மூட்டையைப் பார்த்து.

"எப்ப?"

"பிறந்தநாளுக்கு முந்தின நாள்."

"பொண்டாட்டி முதல் முதலா ஓட்டப்போற நாள்ல நல்ல லைட்டைக் கழட்டிட்டு, துருப்பிடிச்சதை மாட்டி விட்டீங்க." அக்காவின் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. கோபம் ஏற ஏற அவள் குரல் இறங்கும் என்பது ஒட்டடைக்குச்சிக்குத் தெரியும். "சரி, பாலிஷுக்குத்தான்னே வெச்சுக்குவோம். பின் லைட்டுக்குப் பாலிஷ் வேண்டாமா? பின்னாடி இருக்கிற சின்னத்துக்கு வேண்டாமா? அதெல்லாம் அப்படியே இருக்கே. முன்பக்கம் மட்டும் ஏன் கழட்டினீங்க?"

டாக்டரின் கண் மூட்டையை விட்டு நகரவில்லை.

"நான் சொல்றேன். இந்த வண்டி எந்தப் பக்கம் இடிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். மச்சான் ஊத்தியிருந்தா அவருக்கு ஹெட்லைட்டைப் பத்தி என்ன கவலை? கொல்ல வந்தவன் லைட்டைக் கழட்டிச் சால்வையில சுத்தி வைப்பானா? அவர் டப்பாவிலேர்ந்து எடுத்தது நீங்க. தண்ணியில விட்டுப் பார்க்க ஒரு ஆள் வேணும்னு எங்களை வேலைக்கு வெச்சதும் நீங்க. நான் சொன்னா அந்தம்மா நம்புவாங்கன்னு கணக்குப் போட்டிருக்கீங்க."

டாக்டர் மெதுவாக நடந்து வந்து மூட்டைக்கு முன்னால் குனிந்தார். ஒரு ஹெட்லைட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டடைக்குச்சியின் விரல் தடம் பட்டிருந்த இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"இதெல்லாம் இப்ப யாரும் செய்யறதே இல்லை மேடம்," என்றார். "இந்த ஜோடி கிடைக்க நான் எத்தனை ஊருக்கு எழுதினேன் தெரியுமா? தகரத்தைத் தட்டி நிமித்திடலாம், பெயிண்ட் அடிச்சுடலாம். இது உடைஞ்சா உடைஞ்சதுதான்."

"அந்தம்மா?"

"அவ வீட்டை வித்துட்டு ஃபிளாட்டுக்குப் போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. அங்க வண்டி நிறுத்தத் தரையில கோடு கிழிச்சு விட்டிருக்கான், அவ்வளவுதான். கூரை கிடையாது. வெயில்லயும் மழையிலயும் இவளை எப்படி மேடம் நிறுத்துறது?"

இவள் என்று அவர் சொன்னது வண்டியைத்தான் என்று புரிய ஒட்டடைக்குச்சிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த மனுஷனைத் தொட்டுவிடாமல் சுற்றிக்கொண்டு வெளியே போனான். இன்ஸ்பெக்டரின் ஜீப் வாசலில் நின்றிருந்தது. மச்சானைப் பிடிக்க வந்தவரை ஷெட்டுக்குள் அனுப்பிவைத்தான்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். மடியில் சின்னப் பை. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அக்கா வளைத்துப் பேசாமல் எல்லாவற்றையும் நேராகச் சொன்னாள். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அழவில்லை. மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"இடிச்ச உடனே அவர் ஓடி வந்தாரும்மா," என்றார். "செருப்புக்கூடப் போடாம ஓடி வந்தார். எனக்குக் கால் மாட்டிக்கிட்டு எடுக்க முடியலை. கதவைத் திறங்கன்னு கூப்பிட்டேன். அவர் நேரா முன்பக்கம் போய்க் குனிஞ்சு பார்த்தார். 'இரு, வர்றேன்'னார். அடி எவ்வளவு பலம்னு பார்க்கிறார், என்னை எப்படி வெளியில எடுக்கிறதுன்னு யோசிக்கிறார்னு நினைச்சேன். இங்க படுத்துக்கிட்டு அதைத்தான் நினைச்சு நினைச்சு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன்."

மச்சான் வந்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். "வாம்மா. நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

"உங்க வீட்டுக்கு எதுக்கு அண்ணா? எனக்கு வீடு இருக்கு," என்றார் அவர். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "அந்த வண்டி போலீசுக்கு வேணுமாம்மா?"

"கேஸ் முடியற வரைக்கும் வேணும். ரெண்டு நாள்ல வந்து எடுத்துட்டுப் போவாங்க."

"அதுவரைக்கும் அது ஷெட்ல இருக்க வேண்டாம் அண்ணா. நாலு ஆளைப் பிடிச்சு வெளியில தள்ளி விடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, வரட்டும்."